இல்லைன்னுதான் சொல்லுச்சு

உக்காருங்க, தாராளமா உக்காருங்க. அந்த நாற்காலிக்கு யாரும் வரப்போறதில்லைங்க. நீங்க மாப்பிள்ளை ஊட்டுப் பக்கமா, பொண்ணு ஊட்டுப் பக்கமா? பொண்ணுக்குச் சித்தப்பாவுங்களா! சந்தோசமுங்க. மாப்பிள்ளை சிபி நல்ல பையன். படிச்சு முடிச்ச கையோட என்ற டீம்லதான் வேலைக்குச் சேந்தான். நாந்தான் இன்டர்வியூ பண்ணி எடுத்தேன். என் பேரு மோகனசுந்தரம். சரவணம்பட்டியில சாஃப்ட்வேர் கம்பெனி. சிபி சொல்லியிருப்பானே? சொல்லலீங்களா? சரி விடுங்க, கல்யாண வேலையில இதையெல்லாம் எங்க சொல்றது.

அதா, மேடைக்கு இக்கட்ட, ஃபேனுக்கு அடியில ஒரு கூட்டம் உக்காந்து சிரிச்சுட்டிருக்குதே, அத்தனை பேரும் எங்க ஆபீஸ் பசங்கதானுங்க. நான் உள்ள வரும்போதே பாத்தாங்க. ஒருத்தன் தலையக்கூட ஆட்டினான். அவங்களுக்குள்ள பேசிக்க ஆயிரம் இருக்கும், நடுவுல மேனேஜர் போயி உக்காந்தா நல்லாருக்குமா? நாமதான் ஒதுங்கி உக்காரோணும். பத்திரிகைகூட ஆபீஸ் குரூப்புல பொதுவாத்தான் போட்டிருந்தான். இருந்தாலும் வராம இருக்க முடியுங்களா?

கோவமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. என்ன, ஒரு பொண்ணு விசயத்துல அவங்களுக்கு என்மேல கொஞ்சம் வருத்தம். அய்யய்யோ, அந்த மாதிரி விசயமில்லைங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. வேலை விசயம். ஷைனின்னு ஒரு பொண்ணு. சகாய ஷைனி. கொளச்சல் பக்கம், பேச்சும் அந்த ஊருப் பேச்சுதான். இன்னைக்கு வருவாளோ என்னமோ. வந்தா நல்லதுதான், நாலு பேரு முன்னாடி பேசித் தீத்துக்கலாம். எனக்கு மடியில கனம் கிடையாது.

முகூர்த்தத்துக்கு இன்னும் நேரமிருக்குதுங்க. சொல்றேன் கேளுங்க. நீங்க வெளி ஆளு, நீங்களே சொல்லுங்க யாரு மேல தப்புன்னு.

எங்க கம்பெனி ஆம்புலன்ஸுக்கு ஆப் பண்றதுங்க. தனியார் ஆம்புலன்ஸ்காரங்க இருக்கறாங்கல்ல, அவங்களுக்கு. நீங்க போன் பண்ணுனீங்கன்னா உங்க ஊட்டு அட்ரஸ் வண்டியில டிரைவருகிட்ட இருக்கற போனுக்குப் போயிரும். மேப்பு வழி காட்டும். வண்டி எங்க வருது, எப்ப வருதுன்னு கன்ட்ரோல் ரூம்ல பாத்துக்கலாம். கோயமுத்தூரு, ஈரோடு, நீலகிரி அடிவாரம், எல்லாப் பக்கமும் எங்க ஆப்தான் ஓடுது. நல்ல பேரு.

ஆப்புன்னு இருந்தா உடையுமுங்க. இங்க சிக்கும், அங்க நிக்கும். உடையற ஒவ்வொரு தடவையும் அது தானா வந்து ஒரு எடத்துல பதிவாயிரும். எர்ரர் டிராக்கர்னு சொல்லுவோம். ஒரே மாதிரி கோளாறையெல்லாம் ஒண்ணாக் கட்டி ஒரு மூட்டையா வச்சுக்கும். ஒரு மூட்டைக்கு ஒரு இஷ்யூ. தினமும் காலையில வந்து அதையெல்லாம் பாத்து, எது பெருசு, எது சிறுசு, எதை முதல்ல சரி பண்றதுன்னு பிரிக்கறதுதான் ஷைனி வேலை. நல்லாத்தான் பண்ணுனா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒரு கோளாறு வந்துச்சுன்னா விடமாட்டா. டிரைவருக்கே போன் போட்டு, "அண்ணே, அப்ப வண்டி எங்க நின்னுச்சு? போன்ல என்ன தெரிஞ்சுது?"ன்னு துருவித் துருவிக் கேப்பா. எனக்கு அதான் பிடிக்காது. நேரம் எச்சா எடுத்துக்கும்.

அப்பறம் இந்த ஏ.ஐ. வந்துச்சுங்களா, எங்க எம்.டி. கூப்பிட்டு, "மோகன், மனுசன் பாக்கற வேலைய இனி ஏஜென்ட் பாக்கட்டும்"னாரு. ஏஜென்ட்னா வேற ஒண்ணுமில்லை, நாம ஒரு கேள்வியக் கேட்டா தானே போயி தேடி, தானே யோசிச்சு, தானே பதில் சொல்ற ஏ.ஐ. ஆனா அதுக்குக் கை கால் கிடையாதுங்க. டிராக்கருக்குள்ள போயி தேடறதுக்கு அதுக்கு ஒரு டூல் வேணும். ஏஜென்ட் நம்மளாட்டப் பேச்சுல கேக்கும், "போன வாரம் சத்தியமங்கலம் பக்கம் மேப்புல என்ன கோளாறு?"ன்னு. அந்தக் கேள்விய டிராக்கருக்குப் புரியற மாதிரி மாத்தி, தேடி, கிடைச்ச இஷ்யூவ எடுத்துட்டு வந்து ஏஜென்ட் கையில குடுக்கறது டூலு. அந்த டூல எழுதுனது நானுங்க. தனி ஆளா உக்காந்து எழுதுனேன். இத்தனை வருசத்துல நான் பண்ணுன வேலையிலயே அதான் உருப்படியான வேலைன்னு சொல்லுவேன்.

முதல் தடவை எம்.டி.க்குக் காட்டும்போது சொதப்பிருச்சு. அவரு ஒண்ணு கேட்டா அது குப்பையெல்லாம் வாரிக்கிட்டு வந்து கொட்டுது. நாங்க வேண்டாம்னு மியூட் பண்ணி ஒதுக்கி வச்சிருந்த இஷ்யூ, பழைய இஷ்யூ, அத்தனையும். ஏஜென்ட் அதையெல்லாம் படிச்சு முடிக்கறதுக்குள்ள எம்.டி. வாட்சப் பாக்கறாரு. எனக்கு மானம் போச்சு. அன்னைக்கே உக்காந்து டூல்ல ஒரே ஒரு வரியச் சேத்தேன். திறந்திருக்கற இஷ்யூவ மட்டும் தேடுன்னு. அவ்வளவுதான். அடுத்த தடவை காட்டும்போது கேட்டவுடனே பளிச்சுனு பதில். எம்.டி. எந்திரிச்சு வந்து கை குடுத்தாரு. சிபி படம் புடிச்சு குரூப்புல போட்டான். அப்பெல்லாம் போட்டான்.

அன்னைக்குக் கேன்டீன்ல ஷைனி வந்து எதுக்கால உக்காந்தா. "அண்ணா, ஒரு டவுட்டு"ன்னா. சொல்லு தாயின்னேன். "டூல் தேடிட்டு ஒண்ணும் கிடைக்கலன்னா இல்லன்னு சொல்லுகு. மியூட்ல கிடக்கத அது பாக்கவே இல்ல. இல்லன்னு சொல்லுகதும், நான் அங்க பாக்கலன்னு சொல்லுகதும் ஒண்ணாக்குமா அண்ணா?" அப்படீன்னா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. அது என்ன கோர்ட்டா, அப்படி வார்த்தைக்கு வார்த்தை பாக்கறதுக்கு? "ஏஜென்ட்டுக்கு எச்சாச் சொன்னாக் கொழம்பிக்கும் ஷைனி. இருக்கா, இல்லையா, அவ்வளவு போதும் அதுக்கு"ன்னேன். அவ சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்தா. "ஏஜென்ட்டு கொழம்புனாப் பரவால்லண்ணா. அது சொல்லுகத நம்பி நாம ஆளுகளுக்குப் பதில் சொல்லுகோம்லா"ன்னா. சரி, பாக்கலாம்னு சொல்லி எந்திரிச்சு வந்துட்டேன். இதைப் போயி அவ பின்னாடி மீட்டிங்குல, "நான் அன்னைக்கே சொன்னேன்"ங்கறா. கேன்டீன்ல சோறு திங்கும்போது சொல்றதெல்லாம் சொன்னதுல சேருமுங்களா?

அதுக்கப்பறம் டிராக்கருக்குள்ள நேரா போறதுக்கு இருந்த லாகினையெல்லாம் எடுத்துட்டேன். ஆளாளுக்கு உள்ள போயி நோண்டிட்டிருந்தாங்க. ஏஜென்ட் இருக்கும்போது அது எதுக்கு? என்ற லாகின் மட்டும் வச்சுக்கிட்டேன். ஒரு வழிதான் இருக்கோணும், அப்பத்தான் ஒழுங்கு.

இப்ப நடந்ததுக்கு வர்றேன்.

சத்தியமங்கலத்துல ஒரு ஆம்புலன்ஸ்காரரு. நல்ல மனுசன். அவரு ஷைனிக்குப் போன் பண்ணியிருக்கறாரு. "ஏம்மா, இந்த வாரத்துல ரண்டு தடவை எங்க வண்டி தப்பான ஊட்டுக்குப் போயிருச்சு. முந்துன கேஸோட அட்ரஸே போன்ல நிக்குதும்மா, புது அட்ரஸ் வர மாட்டீங்குது"ன்னு. அந்த ரண்டு தடவையும் பெருசா ஒண்ணும் ஆகலை. ஒருத்தருக்குக் கால் முறிவு, இன்னொருத்தரு டயாலிசிஸுக்குப் போறவரு. லேட்டாச்சு, சரியாப் போச்சு.

ஷைனி ஏஜென்ட்டக் கேட்டிருக்கறா, இந்த மாதிரி கோளாறு ஏதாச்சும் பதிவாயிருக்குதான்னு. ஏஜென்ட் டூல வச்சுத் தேடிட்டு, அப்படி எந்தக் கோளாறும் பதிவாகலை, டிரைவர் ஸ்க்ரீனை ரீஃப்ரெஷ் பண்ணாம இருந்திருக்கலாம்னு சொல்லியிருக்குது. நல்லா, தெளிவா, மரியாதையாச் சொல்லியிருக்குது. அத்தோட விடலாமில்ல? விடலை. எனக்குப் போன் பண்றா.

நான் அன்னைக்குப் பெங்களூர்ல. இந்த டூல வேற கம்பெனிக்காரங்களுக்குக் காட்டறதுக்காகப் போயிருந்தேன். பெரிய ஹோட்டலு, மத்தியானச் சாப்பாடு, சுத்தி நாலு பெரிய ஆளுங்க. போனு விடாம அடிக்குது. எடுத்தா, "அண்ணா, உங்க லாகின்ல ஒருக்கா உள்ள போயி மியூட்ல கிடக்கத மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணா. இல்லன்னா எனக்கு லாகின் குடுங்க, நானே பாக்கேன்"ங்கறா. டூல் நல்ல டூலுன்னு நாலு பேருகிட்ட சொல்லிட்டிருக்கும்போது, எங்க ஆபீஸ் பொண்ணே அதை நம்பலைன்னா எப்படிங்க இருக்கும்? "டூல் இல்லைன்னு சொன்னா இல்லை, ஷைனி. அது என்ன சொல்லுச்சோ அப்படியே அவருக்கு அனுப்பிரு"ன்னேன். அவ "சரிண்ணா"ன்னு வச்சுட்டா. அனுப்பிட்டா. அவ பேர்லதான் போச்சு. வேற யாரு பேர்ல போகும்?

அதுக்கு ரண்டு மூணு நாள் கழிச்சுத்தான் அந்தப் பூக்காட்டுல அது நடந்துச்சு.

சத்தியமங்கலத்துப் பக்கம் மல்லிகைக் காடு எச்சுங்க. விடியறதுக்குள்ள பூப் பறிச்சாகோணும், இல்லைன்னா மொட்டு விரிஞ்சு போயிரும். மாதம்மான்னு ஒரு பொம்பளை, சின்ன வயசு. பூப் பறிக்கப் போன எடத்துல கையில பாம்பு கொத்திருச்சு. கட்டுவிரியனாம். கூட இருந்தவங்க தூக்கிட்டு வந்து ஊட்டு வாசல்ல படுக்க வச்சுட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணியிருக்கறாங்க. வண்டி கெளம்பிருச்சு. டிரைவரு பையன் நல்லா ஓட்டறவனாம், வேகமாத்தான் போயிருக்கறான். ஆனா காட்டோரத்துல சிக்னல் விட்டு விட்டு வரும். புது அட்ரஸ் போனுக்கு வரலை. முந்துன நாள் வேற டிரைவரு போன கேஸோட அட்ரஸே நிக்குது. அவனுக்கு அது எப்படித் தெரியும்? மேப்பு காட்டுன பக்கம் போயிட்டான். ஆத்துக்கு அக்கட்ட வேற ஊரு. அங்க போயி ஒரு ஊட்டுக் கதவத் தட்டுனா ஒரு வயசானவரு வந்து, "நாங்க யாரும் கூப்பிடலியே சாமி"ங்கறாரு.

இக்கட்ட அந்தம்மா ஊட்டுக்காரரு, சித்தராஜுன்னு பேரு, ரோட்டுல நின்னு செவப்புத் துண்ட ஆட்டிக்கிட்டே இருந்திருக்கறாரு. கன்ட்ரோல் ரூமுக்குப் போன் மேல போன். அங்க உக்காந்திருக்கற பொண்ணு ஸ்க்ரீனப் பாத்து, "வண்டி வந்து சேந்துருச்சுங்க"ங்கறா. அப்படித்தான் காட்டுமுங்க. போன்ல இருக்கற அட்ரஸுக்கு வண்டி போனா, வந்து சேந்துச்சுன்னு தானாவே விழும். இவரு ரோட்டுல நின்னுக்கிட்டு, "எங்கம்மா வந்துச்சு? நான் வாசல்லயேதானம்மா நிக்கறேன்"னு கத்தறாரு. "நல்லாப் பாருங்க சார், வந்துருச்சு"ன்னு அந்தப் பொண்ணு மறுபடி சொல்லுது. அவளைக் குத்தம் சொல்ல முடியாது. அவளுக்கு அதான் தெரியுது.

கடைசியில யாரோ பூ ஏத்திட்டுப் போற வேன்ல, கூடைங்களுக்கு நடுவுல படுக்க வச்சுக் கொண்டு போனாங்களாம். ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சுருச்சு.

வருத்தந்தானுங்க. எனக்கும் கல்லு மனசு இல்லை. கேள்விப்பட்ட அன்னைக்கு நான் சரியாச் சாப்பிடலை.

ஆனா வருத்தம் வேற, வேலை வேற. ஆம்புலன்ஸ்காரரு எம்.டி.க்கே போன் பண்ணிட்டாரு. "நாங்க முன்னாடியே கேட்டோம். கோளாறு ஒண்ணுமே இல்லைன்னு உங்க ஆபீஸ்ல இருந்து எழுதி அனுப்புனாங்க"ன்னு. எம்.டி. என்னைக் கூப்பிட்டு, யாரு அனுப்புனதுன்னாரு. நான் பொய் சொல்ல முடியுங்களா? ஷைனின்னேன். அதான் உண்மை. பேரு இருக்குதுல்ல.

மீட்டிங்கு வச்சோம். இந்தப் பசங்க அத்தனை பேரும் இருந்தாங்க, சிபியும் இருந்தான். ஷைனி, "நான் அன்னைக்கே சொன்னேன். போன்லயும் அண்ணாகிட்டக் கேட்டேன்"ன்னா. எல்லாரும் என்னையப் பாத்தாங்க. நான் சொன்னேன், "ஷைனி ஆயிரம் கேப்பா. நான் டூலைப் பத்திப் பொதுவாச் சொன்னேன். குறிப்பிட்ட இந்தக் கேஸுக்கு அனுப்புன்னு சொல்லலை"ன்னு. அப்படித்தானுங்க அர்த்தம். அவ மறுத்துப் பேசுவான்னு பாத்தேன். பேசலை. என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா. அப்பறம் எம்.டி. பக்கம் திரும்பி, "சார், என்னை அனுப்பணும்னா அனுப்பிக்கிடுங்க. ஆனா அந்த டூலு பாக்காத எடத்தப் பாக்கலன்னு சொல்லணும் சார். அத மட்டும் மாத்திருங்க. இன்னும் வண்டி ஓடிக்கிட்டுத்தான இருக்கு"ன்னா. அழுகக்கூட இல்லைங்க. அழுதிருந்தாக்கூட நான் ஏதாச்சும் பேசிப் பாத்திருப்பேன்.

அவளை அனுப்பிட்டாங்க. நான் அனுப்பலை, எம்.டி. முடிவு. யாராச்சும் ஒருத்தர் போயாகோணும். டீமே போறதுக்கு ஒருத்தர் போறது மேலில்லீங்களா? அதை இந்தப் பசங்க யோசிக்க மாட்டீங்கறாங்க. இப்பக்கூட வேற கம்பெனிக்காரங்க அவளை எடுக்கறதுக்கு முன்னாடி என்னையத்தான் கூப்பிட்டுக் கேக்கறாங்க, ஆளு எப்படின்னு. நான் நல்லாத்தான் சொல்றேன். கெட்டிக்காரின்னு சொல்றேன். ஏன் அனுப்புனீங்கன்னு கேட்டா, கஸ்டமருக்குத் தப்பான தகவல் குடுத்ததாலன்னு சொல்றேன். கேக்கறாங்களே, என்ன பண்றது? இன்னும் எங்கியும் கிடைக்கலைன்னு கேள்விப்பட்டேன். பாவமாத்தான் இருக்குது.

அவ கேட்டதை நான் செய்யாம விடலீங்க, அதையும் சொல்லோணும். மீட்டிங்கு நடந்த அன்னைக்குச் சாயங்காலமே என்ற லாகின்ல உள்ள போயி மியூட்ல கிடந்ததைப் பாத்தேன். இருந்துச்சு. அந்த இஷ்யூ இருந்துச்சுங்க. சிக்னல் போனா புது அட்ரஸ் வராம பழசு நிக்கற கோளாறு. முன்னாடி எப்பவோ நாந்தான் மியூட்ல போட்டிருக்கறேன். மலையோரம் பூராவும் சிக்னல் கிடையாது, நாளெல்லாம் வந்து வந்து விழுந்துட்டே இருக்கும். டவர் இல்லாததுக்கு நாம என்ன பண்றது? அது டெலிபோன் கம்பெனி கோளாறு, நம்ம கோளாறு இல்லை. இன்னைக்குக் கேட்டாலும் அதான் சொல்லுவேன். யாரா இருந்தாலும் மியூட்தான் பண்ணுவாங்க.

திறந்து பாத்தா, கடைசிக் கடைசியா விழுந்த பதிவுல சத்தியமங்கலத்து வண்டியும் இருந்துச்சு. அந்தம்மாவுக்குப் பாம்பு கொத்துன காலையில விழுந்ததுதான்.

சரின்னு உடனே வேலையில இறங்குனேன். சிக்னல் போனா பழைய அட்ரஸ் அழிஞ்சு, ஸ்க்ரீன் காலியா நிக்கற மாதிரி மாத்துனேன். பெரிய வேலையே இல்லீங்க, ஒரு காப்பி குடிக்கற நேரம். டூலையும் மாத்துனேன், இனி மியூட்ல இருக்கறதையும் தேடும். அப்பறம் அந்த இஷ்யூவை, சரி பண்ணியாச்சு, தீந்துச்சுன்னு மூடி வச்சேன். மூடித்தானுங்க ஆகோணும், சரி பண்ணுன இஷ்யூவ எதுக்குத் திறந்து போட்டு வைக்கறது? அது எங்க வேலை முறை. எல்லாம் சுத்தம் பண்ணிட்டுத்தான் ஊட்டுக்குப் போனேன்.

எம்.டி. கிட்ட இதையெல்லாம் விவரமாச் சொல்லலை. அவருக்கு டெக்னிக்கல் விசயம் புரியாது.

இப்படி ஒரு வழியா எல்லாம் அடங்கி வரும்போதுதான் ஷைனி ஒரு காரியம் பண்ணுனா. அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை. நேரா சத்தியமங்கலத்துக்குப் பஸ் ஏறிப் போயி, அந்தச் சித்தராஜப் பாத்திருக்கறா. "இந்தக் கோளாறு முன்னாலயே பதிவாயிருக்கும், அவுங்க பாக்கல. நீங்க போயி, எனக்குக் காட்டுங்கன்னு கேளுங்க"ன்னு சொல்லியிருக்கறா. இதெல்லாம் ஆபீசுக்குள்ள இருக்கற விசயமில்லீங்களா? பொஞ்சாதிய எரிச்சுட்டு உக்காந்திருக்கற மனுசன்கிட்டப் போயி இதையெல்லாமா சொல்லுவாங்க? அவரு மனசு என்ன பாடுபடும்? கொஞ்சமாச்சும் யோசிக்க வேண்டாமா?

அவரு வந்துட்டாரு. ஒரு மத்தியானம் ரிசப்ஷன்ல இருந்து போன், யாரோ வந்து நிக்கறாங்கன்னு. எம்.டி. ஊர்ல இல்லை. வக்கீலுக்குப் போன் பண்ணுனா எடுக்கலை. நாந்தான் போனேன். வெள்ளை வேட்டி, கசங்குன சட்டை, தாடி. சண்டை போட வந்திருப்பாருன்னு நினைச்சு நான் செக்யூரிட்டியப் பக்கத்துல நிக்கச் சொல்லியிருந்தேன். சண்டையெல்லாம் போடலைங்க. கையக் கூப்பிக் கும்பிட்டாரு.

உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வச்சேன். மோர் வரவச்சுக் குடுத்தேன். குடிக்கலை. "ஒண்ணுமில்லைங்க. முன்னாடியே கோளாறு இருந்துச்சா, இல்லையான்னு தெரிஞ்சுக்கோணும். அவ்வளவுதானுங்க. பதிவாயிருக்கும்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. எனக்குக் காட்டுவீங்களா?"ன்னாரு.

வக்கீல் கிட்டக் கேக்காம எதையும் காட்டக்கூடாது. ஆனா மனுசன் அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கறாரு, மூஞ்சியப் பாத்தா வெறுங்கையோட அனுப்ப மனசு வரலை. எனக்கும் ஒரு யோசனை தோணுச்சு. லேப்டாப்ப அவரு பக்கமாத் திருப்புனேன். "நான் காட்டுனா நான் மறைக்கறேன்னு நினைப்பீங்க. நீங்களே கேளுங்க. தமிழ்லயே கேக்கலாம். இது யாருக்கும் பாரபட்சம் பாக்காது"ன்னேன்.

அவருக்கு டைப் அடிக்கத் தெரியலை. அவரு சொல்லச் சொல்ல நாந்தான் அடிச்சேன். ஒரு எழுத்து மாத்தலை. "சத்தியமங்கலத்துல வண்டிக்குப் பழைய அட்ரஸ் காட்டுச்சே, அந்தக் கோளாறு இருக்குதுங்களா?" ங்களான்னே அடிச்சேன். அவரு திரையவே பாத்துக்கிட்டு இருந்தாரு, அது யோசிக்கறப்ப ஒரு சின்ன வட்டம் சுத்துமில்ல, அதைய.

பதில் வந்துச்சு. நல்ல தமிழ்ல, பெரிய எழுத்துல. "தேடிப் பார்த்தேன். அப்படி எந்தக் கோளாறும் இல்லை."

ஆமாங்க, இல்லைன்னுதான் சொல்லுச்சு. எப்படிச் சொல்லாம இருக்கும்? மூடுன இஷ்யூ திறந்ததுலயும் வராது, மியூட்லயும் வராது. டூல் அந்த ரண்டுலதான் தேடும், மூடுனது வேற கணக்கு. டூல் அது வேலையச் சரியாச் செஞ்சுது. நான் ஒரு பொய் சொல்லலை. நான் வாயே திறக்கலைங்க.

அவரு ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிப் படிச்சாரு. விரல வச்சுப் படிச்சாரு. கடைசி வார்த்தையில விரலு நின்னுச்சு. எடுக்கவே இல்லை. அப்பறம் என்னை நிமுந்து பாத்து ஒண்ணு கேட்டாரு.

"அப்படீன்னா, வண்டி எங்கூட்டுக்குத்தான் வந்துச்சுங்களா?"

கேலி பண்ணிக் கேட்டிருந்தா நானும் ஏதாச்சும் சொல்லியிருப்பேன். கேலியில்லை. நிசமாத்தான் கேட்டாரு. அவரு அன்னைக்கு ரோட்டுல நின்னதே அவருக்குச் சந்தேகமாயிட்ட மாதிரி கேட்டாரு. "நான் வாசல்லயேதான் நின்னனுங்க. துண்டு ஆட்டிக்கிட்டுத்தான் நின்னேன். எனக்குத்தான் தெரியலையோ என்னமோ"ன்னாரு. நான் லேப்டாப்ப மூடிட்டு, "கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்"னு சொல்லி வெளிய வரைக்கும் கொண்டு போயி விட்டேன். மறுபடியும் கும்பிட்டாரு. லிஃப்ட் வேண்டாம்னு படியிலயே எறங்கிப் போனாரு.

உள்ள வந்து கண்ணாடி வழியாக் கீழ எட்டிப் பாத்தேன். எதுத்தாப்ல பேக்கரி வாசல்ல ஷைனி நின்னுட்டிருந்தா. அவதான் கூட்டிட்டு வந்திருக்கறா. அவரு ரோட்டத் தாண்டிப் போயி அவகிட்ட என்னமோ சொன்னாரு. கைய விரிச்சுக் காட்டுனாரு. அவ வேக வேகமா என்னமோ சொன்னா, அவரு தோளப் புடிச்சுச் சொன்னா. அவரு தலையத் தலைய ஆட்டிக்கிட்டு, மெதுவா அவ கைய எடுத்து விட்டுட்டு, பஸ் ஸ்டாப் பக்கமா நடந்து போயிட்டாரு. திரும்பியே பாக்கலை. அவ அங்கியே நின்னா. நின்ன எடத்துல இருந்து தலையத் தூக்கி எங்க மாடியப் பாத்தா. சிபி ஜன்னல் பக்கமா நின்னு கீழயே பாத்துட்டிருந்தான், மத்த பசங்களும்தான். கண்ணாடியில வெயில் ஓங்கி அடிச்சுது. நான் திரைய இழுத்து விட்டுட்டு, எல்லாரும் வேலையப் பாருங்கப்பான்னேன்.

அன்னையில இருந்துதாங்க இவங்க இப்படி. டீ குடிக்கக்கூட என்னையக் கூப்பிடறதில்லை.

நீங்க பெரியவரு, நியாயத்தைச் சொல்லுங்க. இதுல நான் எந்த எடத்துல தப்புப் பண்ணுனேன்? டூல் இப்ப மூணு கம்பெனியில ஓடுது. அந்தக் கோளாறு அப்பறம் வரவே இல்லை. நான் சரி பண்ணுனதால எத்தனை உசுரு பொழைச்சிருக்கும், அதை யாரு பேசறாங்க?

என்ன கேட்டீங்க? அந்தப் பதிவா? அந்தம்மாவுக்கு வண்டி வராமப் போன அந்தக் காலைப் பதிவா?

அய்யோ, அழிக்கலைங்க. நான் எதையும் அழிக்கற ஆளே கிடையாது. அது அங்கியேதான் இருக்குது. தேடுனா வராது, அவ்வளவுதான்.